தோளில் கிடந்த கை

இலுப்பைச்சந்தி வர்த்தக சங்கத் தலைவர் தவராசா, தன்னுடைய செத்தவீட்டுக்குத் தானே பஸ்ஸில் வந்து இறங்கினார்.

சந்தியில் ஒரு கடையும் திறந்திருக்கவில்லை. கம்பத்துக்குக் கம்பம் கறுப்பும் வெள்ளையுமாகக் கொடி தொங்கியது. அவருடைய ஹாட்வெயார் கடை வாசலில் சங்கத்துப் பந்தல், பந்தலுக்குள் சங்கத்துப் பிளாஸ்ரிக் கதிரைகள், கதிரைகளில் சங்கத்து ஆட்கள். எல்லாருக்கும் மேலே, கடை நெற்றியில், ஆளுயரத்துக்கு ஒரு பனர். ‘கண்ணீர் அஞ்சலி.’ நடுவில் தவராசாவின் படம். கூட்டம் படத்தைப் பார்த்தது. பஸ்ஸால் இறங்கியவரைப் பார்த்தது. முன்வரிசையில் இருந்த ஒரு மனுசி கதிரையோடு சேர்ந்து விழுந்தாள்.

“கொண்டக்டரிட்டை மிச்சக் காசு கேட்டு வாங்கிக்கொண்டுதான் இறங்கினவராம், அக்கா,” என்றான் சியாம். “அதுக்குப் பிறகுதான் சனம் நம்பினதாம், ஆள் சாகேல்லை எண்டு.”

விமலேஸ்வரி சிரிக்கவில்லை. சங்கக் கந்தோரின் நீண்ட மேசையில் விரித்துக் கிடந்த அதே பனரைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

வவுனியா பஸ் நிலையத்துக்கு எதிரே, மருந்துக்கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது அவளுடைய துப்பறியும் கந்தோர். அதற்கு முன் காப்புறுதிக் கம்பனி ஒன்றில் இருந்தாள். எரியாத கடைக்கும் கவிழாத லொறிக்கும் நட்டஈடு கேட்டு வந்தவர்களை வீட்டுக்கு அனுப்புவதுதான் அங்கே அவளுக்கு வேலை. சியாமின் ஓட்டோவில் ஒருநாள் ஏறினாள். வழி முழுக்க அவன் கதைத்த கதையைக் கேட்டுவிட்டு, இறங்கும்போது வேலை கொடுத்தாள். அவனுக்கு முப்பது வயது. உலகத்தில் எல்லாரையும் சந்தேகிப்பான், தன் ஓட்டோவின் பிரேக் உட்பட.

“பொலிஸுக்குப் போனால் சந்தி சிரிக்கும், மிஸ்,” என்றார் தவராசா. நெடிய ஆள். நின்றால் கந்தோர்க் கூரை விசிறி அவர் தலையைச் சீவிவிடும்போல் இருந்தது. “நான் விடியக்காலமை முதல் பஸ்ஸில வவுனியாவுக்குப் போனனான். போனில சார்ஜ் இல்லை. வீட்டில தனி ஆள், பிள்ளையள் வெளிநாட்டில. விடிஞ்சு சனம் வந்து பாத்தால் இது தொங்குது. சங்கத்து வழமைப்படி கடையளைப் பூட்டி, பந்தலைப் போட்டிட்டினம். அவையில பிழை இல்லை.”

“ஆரில சந்தேகம்?”

“சந்தேகத்தை விடுங்கோ. இதைப் பாருங்கோ.” அவருடைய விரல் பனரில் ஒரு இடத்தைத் தொட்டது. படத்தில், அவருடைய இடது தோளில் ஒரு கை கிடந்தது. கை மட்டும்தான். நாலு விரல்கள். கைக்குரிய ஆளை வெட்டியாயிற்று. “போன மாசம் சங்கம் குளக்கட்டைத் துப்புரவாக்கின சிரமதானத்தில எடுத்த படம். இந்தக் கை ஆற்றை எண்டு மட்டும் கண்டுபிடிச்சுச் சொல்லுங்கோ, காணும். மிச்சத்தை நான் பாக்கிறன்.”

“குரூப் படத்தில உங்களுக்குப் பக்கத்தில ஆர் நிண்டது?”

தவராசா ஜன்னலுக்கு வெளியே, வீதிக்கு எதிர்ப்புறம் பார்த்தார். “புடைவைக்கடை அப்துல் மஜீத். அடுத்த மாசம் தலைவர் தெரிவு. என்னோட போட்டிக்கு நிக்கிறதும் அவர்தான். நான் ஒண்டும் சொல்லேல்லை.”

ஒன்றும் சொல்லவில்லை என்று சொல்கிறவர்கள்தான் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறார்கள் என்று சியாம் நினைத்துக்கொண்டான்.

படியால் இறங்கும்போது விமலேஸ்வரி கேட்டாள். “பனரில அவற்றை பேருக்குக் கீழ என்ன எழுதியிருந்தது, பாத்தனியோ?”

“பதவியள். சங்கத் தலைவர், சனசமூக நிலையக் காப்பாளர், கோயில் பரிபாலன சபை உறுப்பினர், பழைய மாணவர் பூப்பந்தாட்டக் கழகப் போசகர்…”

“பூப்பந்தாட்டக் கழகம் எங்கை இருக்கு?”

“அந்தப் பள்ளிக்கூடத்தில பூப்பந்து வலையே இல்லை எண்டு தேத்தண்ணிக் கடையில சொல்லிச்சினம்.”

“ம். எதிரி எழுதின அஞ்சலி. ஒரு பதவியையும் விடேல்லை.” அவ்வளவு சொல்லிவிட்டு அவள் வீதியைக் கடந்தாள்.

அப்துல் மஜீத் குள்ளமான, வட்டமான மனிதர். தொண்ணூறில், வடக்கிலிருந்து முஸ்லிம்கள் விரட்டப்பட்டபோது, இந்தச் சந்தியிலிருந்து புத்தளத்துக்கு வெறுங்கையோடு போனவர். சண்டை முடிந்து திரும்பிவந்து, தகப்பனின் கடை நின்ற அதே நிலத்தில் கடை போட்டவர். சியாமின் பெயரைக் கேட்டதும் ஊர் விசாரித்தார், தகப்பனின் பெயர் விசாரித்தார், பிறகு பிளேன்ரீ வரவழைத்தார். சந்தேகப்படுகிற வீட்டில் தேத்தண்ணி குடிப்பதா என்று சியாம் யோசித்தான். யோசித்து முடிப்பதற்குள் கோப்பை காலியாகிவிட்டது.

“என்ரை கைதான் எண்டு தலைவர் சொன்னாரோ?” மஜீத் விமலேஸ்வரியின் போனில் இருந்த பனர்ப் படத்தைப் பார்த்தார். கோபம் வரும் என்று சியாம் காத்திருந்தான். மஜீத்துக்குச் சிரிப்புத்தான் வந்தது. “தம்பி, எழும்புங்க. எனக்குப் பக்கத்தில வந்து நில்லுங்க.”

சியாம் எழுந்து நின்றான். மஜீத், அன்று படத்துக்கு நின்றதுபோலவே, அவனுக்கு வலப்பக்கம் நின்று, முதுகுக்குப் பின்னால் கையைச் சுற்றிப் போட்டு அவனுடைய இடது தோளைப் பிடிக்கப் பார்த்தார். எட்டவில்லை. பெருவிரலில் உன்னினார். அப்போதும் கை முதுகோடு நின்றது.

“நீங்க அஞ்சரை அடி. தலைவர் ஆறு தாண்டினவர். அவற்றை தோளை நான் பிடிக்கிறதெண்டால் ஸ்டூல் வைக்கோணும்.”

“நானா, ஸ்டூல் வைச்சுப் பிடிச்சிருக்கலாமே?” என்றான் சியாம், முஸ்லிம் வழக்கில் அண்ணன் முறை வைத்து.

“படத்துக்கு நிக்கேக்க ஆரப்பா ஸ்டூலோட நிப்பான்?”

“நில்லுங்கோ,” என்றாள் விமலேஸ்வரி. அவள் நிலத்தில் கிடந்த துணிக்கட்டு ஒன்றின்மேல் ஏறி சியாமுக்குப் பின்னால் நின்று, தன் இடது கையை அவன் இடது தோளில் வைத்தாள். “மஜீத் ஐயா, முன்னால வந்து பாருங்கோ. என்ரை பெருவிரல் எங்கை?”

“கழுத்துப் பக்கம். கொலருக்குப் பின்னால மறைஞ்சு போச்சு.”

“மற்ற நாலும்?”

“நேரா என்னைப் பாத்துக்கொண்டிருக்கு. நெஞ்சுப் பக்கமாத் தொங்குது.”

“பக்கத்தில நிக்கிறவன் கை போட்டால் விரல் தோள்மூட்டு வழிய நீளும், பெருவிரல் கமராவுக்கு முன்னால வரும். பனரில நாலு விரல்தான், எல்லாம் கீழ்நோக்கி. அப்ப ஆள் பக்கத்தில நிக்கேல்லை. பின்னால. அதுவும் ஆறடி மனுசனுக்கு மேலால. படம் எடுக்கேக்க பின்னால என்ன நிண்டது?”

மஜீத் கண்ணை மூடி யோசித்தார். “பின்னால… சாப்பாட்டு மெசின். உழவு மெசின், அந்த ட்ரக்டர்ப் பெட்டியில சோற்றுக் கிடாரம் எல்லாம் ஏத்திக்கொண்டு வந்து குளக்கட்டில நிப்பாட்டினது. மழை வரும்போல இருந்ததால தறப்பாள் கட்டியிருந்தது. அதாலதான் பேஸ்புக்கில வந்த படத்திலயும் பெட்டிக்குள்ள நிண்ட ஆற்றை முகமும் தெரியாது. லவுட்ஸ்பீக்கர் வேற காதுக்குள்ள.”

சியாம் போனை வாங்கி விரல்களைப் பெருப்பித்தான். தடித்த, வெடித்த விரல்கள். “நகமெல்லாம் மஞ்சள், அக்கா. நல்லா சிகரெட் பத்துற ஆள். மெசின் ட்ரைவராத்தான் இருக்கும். நான் முதலே நினைச்சனான்.”

“சிகரெட் ரெண்டு விரலைத்தான் மஞ்சளாக்கும். இதில எத்தினை விரல் மஞ்சள்?”

“நாலும்.”

“நாலு விரலாலும் பத்துவானோ?”

“கடும் கவலையில இருந்தால் பத்தலாம்,” என்றான் சியாம், குரல் இறங்கி.

“மஞ்சள்தூள், சியாம். நாள் முழுக்க கறிக்கு மஞ்சள் பிரட்டுற கை. பெட்டியில ஏறிநிண்டு சோறு குடுத்தது ஆர்?”

மஜீத்தின் முகத்தில் இருந்த சிரிப்பு போயிற்று. கடைப்பெடியனை வெளியே அனுப்பினார். “அழகம்மா. ஊர் அக்கராயன். சிரமதானம், இரத்ததானம், விளையாட்டு விழா, சங்கத்தின்ரை எந்த வேலையெண்டாலும் அவவின்ரை சமையல்தான். ஆனா…”

“ஆனா?”

“அவ வீரபாகுவின்ரை மனுசி.”

வீரபாகு யார் என்று விமலேஸ்வரி கேட்டாள். மஜீத் சொன்னார். தவராசாவின் கடையில் லோட் இறக்கிய ஆள். மூன்று வருசத்துக்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை, குளிக்கப்போன இடத்தில் குளத்துத் துருசில், அந்த மதகுக் கட்டில், வழுக்கி, கல்லுக்குள் விழுந்து செத்துப்போனான். அந்தக் குளக்கட்டைத்தான் போன மாசம் சங்கம் துப்புரவாக்கியது.

“அங்கத்தவர் செத்தால் சங்கம் கடையடைக்கும். அது வழமை. வீரபாகு அங்கத்தவர் இல்லை, கூலிக்காரன். ஆனாலும் அவனுக்குக் கடையடைக்க வேணும் எண்டு தவராசா ஒற்றைக் காலில நிண்டார். எங்கட சங்கத்தின்ரை வரலாற்றில அது ஒருக்காத்தான். முழுச் சந்தியையும் ரெண்டு பஸ்ஸில ஏத்தி அக்கராயனுக்கு அனுப்பினார். தொழிலாளியையும் மதிக்கிற மனுசன் எண்டு எல்லாரும் புகழ்ந்தம். அண்டைக்குப் பிறகு அவருக்கு எதிராத் தெரிவில நிக்க ஒருத்தரும் துணியேல்லை.”

“அவரும் உங்களோட பஸ்ஸில வந்தவரோ?”

மஜீத் பதில் சொல்ல வாயெடுத்து, நிறுத்தினார். “இல்லை. பிந்தித்தான் வந்தவர். சவம் தூக்கிற நேரம்.”

“அப்ப சந்தியில தனிய நிண்டது அவர் மட்டும்.”

வெளியே வீதிக்கு எதிர்ப்புறத்தில், ஹாட்வெயார் கடை வாசலில், தவராசா இடுப்பில் கைவைத்தபடி இந்தக் கடையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அக்கராயனுக்குப் போகிற வழியெல்லாம் சியாம் வாய்விட்டு வழக்கை முடித்துக்கொண்டே வந்தான். இரண்டு பக்கமும் வயல் பச்சையாக விரிந்து கிடந்தது. வாய்க்காலில் கொக்குகள் நின்றன.

“புருசன் செத்தது தவராசாவாலதான் எண்டு மனுசி நினைச்சிருக்கு. பழிக்குப் பழி, பனர் அடிச்சுக் கட்டியிருக்கு. படத்தில தன்ரை கையை வெட்ட மறந்து போச்சு. சரியோ?”

“கோபத்தில இருக்கிற மனுசி பூப்பந்தாட்டக் கழகத்தை ஞாபகமா எழுதுமோ?”

“அது… பனர்க் கடைக்காரன் எழுதியிருப்பான்.”

“கையையும் அவன் வெட்டியிருப்பானே. முகத்தை மட்டும் வெட்டியெடுக்கிறது அவங்களுக்கு ஒரு நிமிச வேலை. ஆரோ கையை விடச்சொல்லிச் சொல்லியிருக்கினம்.”

சியாம் ஒரு மாட்டுக்காக ஹோர்ன் அடித்தான். மாடு விலகியது. வழக்கு விலகவில்லை.

அழகம்மாவின் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டில் ஒன்றில் அடுப்புகள் எரிந்தன. நாளைக்கு ஏதோ பாடசாலையில் பரிசளிப்பு விழாவாம். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த இரண்டு பெண்களை உள்ளே போகச் சொல்லிவிட்டு, அவள் கையைச் சீலைத் தலைப்பில் துடைத்தபடி வந்தாள். நாற்பது தாண்டிய, தோள் அகன்ற பெண். அவளுடைய தாய் தகப்பன் தேயிலைத் தோட்டத்தை விட்டு வன்னிக்கு வந்தவர்கள். அந்த மலைப்பேச்சு இன்னும் அவளிடம் இருந்தது.

விமலேஸ்வரி போனை நீட்டினாள். அழகம்மா படத்தைப் பார்த்தாள். பிறகு தன் இடது கையைத் திருப்பிப் பார்த்தாள்.

“என் கைதாம்மா,” என்றாள்.

இவ்வளவு சுளுவாக ஒருவர் ஒப்புக்கொண்டால் அதில் ஏதோ சூது இருக்கிறது என்று சியாம் அடுப்புப் பக்கமாகக் கண்ணை ஓட்டினான். சூது ஒன்றும் தெரியவில்லை. பருப்பு கொதித்தது.

“தோளில கை வைச்சு என்ன சொன்னீங்கள்?” என்று விமலேஸ்வரி கேட்டாள்.

அழகம்மா ஒரு மணைக்கட்டையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். “அன்னைக்கு ஞாயித்துக்கெழம. ‘கம்பி லோடு வந்திருக்கு, வந்து எறக்கிட்டுப் போ’ன்னு ஐயா போன் பண்ணாரு. எங்க வீட்டுக்காரரு சோறு கட்டிக்கிட்டுப் போனாரு. சாயந்தரம் கொளத்துல பொணமாக் கெடந்தாரு. ‘நா கூப்பிடவே இல்ல, கட பூட்டியிருந்துச்சு’ன்னு ஐயா சொன்னாரு. எங்க வீட்டுக்காரரு போனும் கெடைக்கல. யாருகிட்ட போயி என்னத்த சொல்ல? சங்கமே வந்து நிக்கிது. மால வைக்கிறாங்க. மகளுக்குப் படிப்புச் செலவு தாறோம்னு மைக்குல சொல்றாங்க. நா பொணத்தோட கையப் பிடிச்சுக்கிட்டு ஒக்காந்திருந்தேன். உள்ளங்கை ரேகையெல்லாம் துரு. கம்பி பிடிச்ச துரு. குளிக்கப் போன மனுசன் மொதல்ல கையத்தானம்மா கழுவுவாரு?”

“அண்டைக்கே சொல்லியிருக்கலாமே, அக்கா?” சியாம் அறியாமல் கேட்டுவிட்டான்.

“சொன்னா யாரு கேப்பா, தம்பி? சோறு போடுற கையப் பாத்திருக்கீங்களா? தட்டத்தான பாப்பாங்க.” அவள் குரலில் கசப்புக்கூட இல்லை. “போன மாசம் அதே கொளக்கட்டு. பொட்டியில நிக்கிறேன். எனக்குக் கீழ ஐயா நிக்கிறாரு, கழுத்துல மாலையோட. எங்க வீட்டுக்காரரு விழுந்து கெடந்த எடத்துக்கு நேரா. கை தானாப் போச்சு. குனிஞ்சு காதுக்குள்ள சொன்னேன். ‘கம்பி சரிஞ்ச சத்தம் ரோட்டுக்குக் கேட்டிச்சு.’ எனக்கென்ன தெரியும்? துருவப் பாத்து நானா நெனச்சதுதான். தப்பில்லாத மனுசன்னா திரும்பி, ‘என்ன கம்பி’ன்னு கேட்டிருப்பாரு. அவரு திரும்பவே இல்ல. கொஞ்ச நேரம் கட்டையா நின்னாரு. அவரு திரும்புறதுக்குள்ள நா சோத்துக் கெடாரத்துக்குக் குனிஞ்சிட்டேன்.”

“அப்ப பனர்?”

“அது நா செய்யலம்மா. கேள்விப்பட்டுப் பயந்துட்டேன். அவரு சாகக் கூடாது. எனக்குத் தெரிய வேண்டியது அவருகிட்டதான இருக்கு.”

விமலேஸ்வரி எழுந்து கொட்டிலுக்கு வெளியே போனாள். சிரமதானத்தன்று படம் எடுத்த சுமனுடைய நம்பரை மஜீத்திடம் வாங்கி வைத்திருந்தாள். போனை சத்தமாக வைத்தாள், சியாமும் கேட்கட்டும் என்று.

“அந்தப் படமோ, மிஸ்? அது நான் பேஸ்புக்கில போடேல்லையே,” என்றான் சுமன். “தலைவற்றை கண் ரெண்டும் பிதுங்கிக்கொண்டு நிக்குது, ஏதோ பாம்பைக் கண்ட மாதிரி. அதுக்கு முதல் எடுத்த சிரிச்ச படத்தைத்தான் போட்டனான்.”

“அந்தப் படம் ஆரிட்டையாவது இருக்கோ?”

“தலைவரிட்டைத்தான். அண்டைக்குப் பின்னேரமே வந்து எல்லாப் படத்தையும் போனில ஏத்திக்கொண்டு போனவர். இதை மட்டும் என்ரை கொம்பியூட்டரில அழிக்கச் சொன்னவர். வடிவில்லையாம். அழிச்சிட்டன். பேந்து பனரில அதே படத்தைப் பாத்திட்டு நானும் யோசிச்சனான், மிஸ். பெரிய மனுசரை என்னெண்டு கேக்கிறது?”

போன் நின்றது. சியாமுக்கு வாய் திறந்தபடி இருந்தது.

“அக்கா… தன்ரை சாவைத் தானே அச்சடிச்சவரோ?”

“சாவை இல்லை. கையை.” விமலேஸ்வரி வயலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். “ஒரு குரல் காதுக்குள்ள வந்து ரகசியத்தைச் சொல்லிப்போட்டுப் போட்டுது. ஆர் எண்டு தெரியாது. லவுட்ஸ்பீக்கர் சத்தத்தில ஆணோ பெண்ணோ எண்டும் தெரியாது. விசாரிக்கப் போனால், ஏன் தேடுறீர் எண்டு சனம் கேக்கும். தேடுறதுக்கு ஒரு காரணம் வேணும். அந்தக் காரணத்தைப் பனரா அடிச்சுத் தன்ரை கடையிலேயே தொங்கவிட்டிட்டு, முதல் பஸ் எடுத்திட்டார். செத்தவீட்டுக்கு ஆரும் பயந்த முகத்தைப் போடுவினமோ? கை விழுந்த ஒரே படம் அதுதான். பனரை ஆர் கட்டினது எண்டு அவர் எங்களை ஒருக்காலும் கேக்கேல்லை. கை ஆற்றை எண்டுதான் கேட்டவர்.”

“அப்ப நாங்கள் கண்டுபிடிச்சது…”

“அவருக்கு வேண்டிய ஆளை. நாங்களே கூட்டிக்கொண்டு போய்க் காட்டப் பாத்தனாங்கள்.”

அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. தவராசா. கொட்டில் வாசலில் அழகம்மா வந்து நின்றாள். அவளுக்குப் பின்னால், வீட்டுக்குள், பள்ளிக்கூடச் சீருடை ஒன்று கொடியில் காய்ந்தது. அவளுடைய மகளுடையதாக இருக்கும்.

“ஆள் ஆர், மிஸ்?” தவராசாவின் குரல் தாழ்வாக வந்தது. “அக்கராயன் பக்கம் போனீங்களெண்டு கேள்விப்பட்டன்.”

“கண்டுபிடிச்சிட்டன். பின்னேரம் சங்கக் கந்தோருக்கு வந்து சொல்லுறன்.”

“தனியக் கதைப்பம். கடைக்கு வாங்கோ.”

“சங்கம் கடை பூட்டினது. சங்கத்துக்கு வந்த வெக்கம். செயற்குழுவுக்கு முன்னாலேயே சொல்லுறன். மஜீத் எல்லாருக்கும் அறிவிச்சிட்டார்.”

மஜீத்துக்கு அப்போது ஒன்றும் தெரியாது. போனை வைத்துவிட்டு விமலேஸ்வரி முதல் வேலையாக அவருக்கு அடித்தாள். பிறகு அழகம்மாவிடம் திரும்பினாள். “நீங்கள் வரத் தேவையில்லை. உங்கடை பேரைச் சொல்லாமலும் செய்யலாம்.”

“பேரச் சொல்லுங்கம்மா,” என்றாள் அழகம்மா. அடுப்பை அணைத்தாள். “நா வாறேன்.”

கந்தோரில் செயற்குழு நீண்ட மேசையைச் சுற்றி இருந்தது. வெயில் சாய்ந்து ஜன்னலால் உள்ளே விழுந்தது. தவராசா தலைவர் கதிரையில் இருந்தார். சியாம் வாசலில் நின்றான். அழகம்மாவைப் படிக்கட்டில் நிற்க வைத்துவிட்டு, யாரும் கீழே இறங்காதபடி கதவை அடைத்துக்கொண்டு நின்றான் என்பதுதான் உண்மை.

“கை பின்னால நிண்ட ஆளின்ரை,” என்றாள் விமலேஸ்வரி. “அந்த ஆள் பனர் கட்டேல்லை. பனரில இருக்கிற படம் உலகத்தில ஒரு போனிலதான் இருக்கு. அது ஆற்றை போன் எண்டு சுமன் சொல்லுவார். அதைப் பேந்து பாப்பம்.”

தவராசா மேசையில் கிடந்த தன் போனை எடுத்துச் சட்டைப்பைக்குள் வைத்தார்.

“அந்த ஆள் அண்டைக்குத் தலைவற்றை காதுக்குள்ள ஒரு வசனம்தான் சொன்னது. ‘கம்பி சரிஞ்ச சத்தம் றோட்டுக்குக் கேட்டது.’ அவ்வளவுதான்.”

மேசையைச் சுற்றி இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். “என்ன கம்பி?” என்றார் பேக்கரிக்காரர். “விளங்கேல்லையே,” என்றார் இன்னொருவர்.

“பச்சைப் பொய்!” தவராசா எழுந்தேவிட்டார். “ஞாயிற்றுக்கிழமை சந்தியில ஒரு காகமும் இருக்கேல்லை. கேற் உள்ளுக்கால பூட்டு. ஆருக்குக் கேட்டிருக்கும்?”

அவர் சொல்லி முடித்த பிறகுதான், தான் சொன்னது அவருக்கே கேட்டது.

மஜீத் மெல்லக் கேட்டார். “எந்த ஞாயிற்றுக்கிழமை, தலைவர்?”

தவராசா கதிரையைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தார். மேசையைப் பார்த்துக்கொண்டு சொல்லத் தொடங்கினார். கம்பி அடுக்குக்கு முட்டுக்கொடுத்த மரம் உக்கி உளுத்துப்போயிருந்தது. மாற்ற வேண்டும், மாற்ற வேண்டும் என்று வீரபாகு சொல்லிக்கொண்டுதான் இருந்தான். அன்றைக்கு அடுக்கு முழுவதும் அவன்மேல் சரிந்தது. லொறி ட்ரைவரும் அவருமாக அவனை ஏற்றி ஆஸ்பத்திரிக்குத்தான் வெளிக்கிட்டார்கள். பெரிய வீதிக்கு வர முன்பே முடிந்துவிட்டது. பயம் வந்தது. லொறி குளத்துப் பக்கம் திரும்பியது. ட்ரைவரை அதே மாதம் கட்டார் நாட்டுக்கு அனுப்பிவைத்தார். செத்தவீட்டன்று சந்தி முழுக்க அக்கராயனில் நின்ற நேரம், கடைக்குள் அடுக்கைத் திருத்தி, நிலத்தைக் கழுவினார்.

“உடன முடிஞ்சுது,” என்றார். “ஒரு வேதனையும் இல்லை. உடன முடிஞ்சுது.”

சியாமின் தோளை விலக்கிக்கொண்டு அழகம்மா உள்ளே வந்தாள். யாரும் அவளைத் தடுக்கவில்லை. மேசைக்கு இந்தப் பக்கம் நின்று, இரண்டு கைகளையும் பலகையில் ஊன்றினாள். தவராசா அந்த நகங்களைப் பார்த்தார். பிறகு முகத்தைப் பார்த்தார்.

“நீயோ?” என்றார். “நீயோ பிள்ளை?”

“ஒடனேயா போனாரு, ஐயா?”

தவராசா வாயைத் திறந்தார், மூடினார். மூன்று வருசமாக எல்லாரிடமும் பொய் சொன்ன வாய். “இல்லை,” என்றது.

“ஏதாச்சும் சொன்னாரா?”

“தண்ணி கேட்டவன்.”

மஜீத் போனை எடுத்து பொலிஸ் நிலையத்துக்கு அடித்தார். மறுமுனையில் மணி போய்க்கொண்டிருந்தது அந்த அறை முழுக்கக் கேட்டது. தவராசா தலையைக் குனிந்தார். பேக்கரிக்காரர் அழகம்மாவுக்காக ஒரு கதிரையை இழுத்துப் போட்டார். அவள் இருக்கவில்லை.

“கேக்குறேன்ல, ஐயா,” என்றாள். “குடுத்தீங்களா?”